ஒட்டுத் தகடு

மான்டானாவில் ஏப்ரலிலும்
கராஜுக்குள் மூச்சு புகைகிறது.
ஐம்பத்து மூன்றாம் வருடத்துப் பிக்கப்.
பின்தொட்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன்.
நல்ல இரும்பு ணங் என்றது.
கெட்டது ஒன்றும் சொல்லாமல்
துருவாய் உதிர்ந்து என் பூட்ஸை மூடியது.

கிரைண்டர் பச்சையைத் தின்றது, பிறகு நீலத்தை,
பிறகு யாரோ அவசரத்தில் இழுகிய வெள்ளியை.
பதினொரு போல்ட் கழன்றன.
பன்னிரண்டாவது
மூன்று நாள் எண்ணெய் குடித்தும் அசையவில்லை;
தலையை வெட்டினேன்.

இடது சக்கரத்துக்கு மேலே
ரிவெட் அடித்த ஒட்டு ஒன்று.
சுரண்டச் சுரண்ட மஞ்சள்.
மஞ்சளில் கருப்பாய் ஒரு மான், பாய்ந்தபடி.
எந்தச் சாலையில் கழற்றினானோ, திருடன்.
அதற்குப் பிறகு அங்கே
எத்தனை மான்கள்
அறிவிப்பில்லாமல் குறுக்கே வந்தனவோ.

"புதுத் தகடு வாங்கி வைத்திருக்கிறேனே" என்றான் டெல்மர்,
காப்பியோடு கதவருகே நின்று.
வாங்கியதுதான்.
அளவெடுத்து வெட்டியும் வைத்திருந்தான்.
நான் முகமூடியை இறக்கிக்கொண்டேன்.

மானைச் சுற்றிலும் வெல்டிங் வைத்தேன்,
கொஞ்சம் கோணல்தான்.
ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் அடிக்குமுன்,
குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
கொம்பின் ஒவ்வொரு கிளைக்கும்
டேப் ஒட்டிக்கொண்டிருந்தான் அவன்.