ஊர் என்ற கட்டம்

டர்பன், பிளஃப் முனை. திமிங்கில ஆலையில்
சம்பளப் பேரேடு என் பொறுப்பு.
ஊர் என்ற கட்டத்துக்கு
மூவரும் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொன்னார்கள்.
உதட்டைக் குவித்துக்கொண்டு ஒரு 'பீ'.
தமிழில் எழுதக் கூசியது.

நார்வே ஹால்வருக்கு அது டிராம் ஓடும் பட்டணம்.
ஸ்வீடன் எஸ்கிலுக்கு
ஆறு வீடு, ஒரு கிணறு.
ஐஸ்லாந்துக்காரன் வாயில் அது 'பைர்' என்று கோணியது:
ஒற்றைப் பண்ணைவீடாகவும் இருக்கலாம்,
அடுத்த புகைபோக்கி கண்ணுக்கு எட்டாது.
"வேர் ஒன்றுதான். குடியிருத்தல்"
என்றான் ஹால்வர்,
நகக்கண்ணில் கொழுப்பைச் சுரண்டியபடி.

உங்களுக்கு?

ஊர், என்றேன்.
கொதிகலன் அப்பலசாமி தெலுங்கில்
'ஊரு' என்று வால் சேர்த்தான்.
பட்டணமும் அது, பட்டிக்காடும் அது.
நாலு பேர் முன்னால் சிரிப்பது,
பழிப்பது, ராத்திரி அடங்குவது, எல்லாம் அது.

சரி, எங்கே இருக்கிறது?

என் பெயருக்கு நேரே
கேட்டோ மேனரை அடித்துவிட்டு
சாட்ஸ்வொர்த் என்று எழுதி மாதம் ஒன்றுதான்.
லாரியில் கட்டில், தையல் மெஷின்,
கூண்டோடு கோழிகள், நாங்கள்.
மேடு ஏறும்போது நடந்தே முந்தியிருக்கலாம்.

பேரேட்டை மூடினேன்.
இவர்களுக்கு எப்படிச் சொல்வது,
எங்கள் பேச்சில்
ஊர் ஊரும்.
நகரும் நகரும்.