காரணம்: மற்றவை

செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக் கூட்டத்துக்கு
எட்டு நிமிடம் தாமதம்.
தூக்குப்பாலம் ஏறிவிட்டது.
இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்று
என் காரின் முன்னால், ஒரு தெருவே கிளம்பியதுபோல்
நகர்ந்துகொண்டே இருந்தது.
டுலூத்தில் தாமதத்துக்கு விளக்கம் கேட்பதில்லை.
பாலம் என்றால் போதும்.

மருந்தாளுநர் டேரில் வெள்ளைப் பலகையில் எழுதியிருந்தார்:
சிஸ்பிளாட்டின், நூறு மில்லிகிராம், பதினொரு குப்பி.
வெள்ளிக்கிழமை வண்டி வரலாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
போன வெள்ளிக்குப் போட்ட அதே கேள்விக்குறிதான்,
அழித்து எழுதக்கூட இல்லை.

கடலுக்கு அப்பால் ஓர் ஆலையை மூடிவிட்டார்கள்.
ஆய்வாளர்கள் போனபோது
இரண்டு மாதத்து வெப்பநிலைப் பதிவேடு
ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதியதாய் இருந்ததாம்.
நாட்டின் பெயரை டேரில் சொன்னபோது
மேசையைச் சுற்றி ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.
அத்தனை பேர் கவனமாய்ப் பார்க்காமல் இருந்தது
கழுத்தில் உறைத்தது.

மூடியது சரிதான்.
அந்தக் குப்பியை யார் நரம்பிலும் நான் ஏற்ற மாட்டேன்.
மூடியது சரி என்பதையும்
பதினொன்று என்பதையும்
ஒரே வாயால் எப்படிச் சொல்ல?

ஒரு குப்பியின் விலை
எங்கள் வாகன நிறுத்தத்தின் ஒரு நாள் கட்டணம்.
அந்த விலைக்கு இங்கே எவன் தயாரிப்பான் என்றார் நிதிப்பிரிவுக்காரர்,
மஃபினின் காகிதத்தை உரித்தபடி.

விதி எளிது. குணமாகக்கூடியவருக்கு முதலில்.
ரெனே ஹூல், முப்பத்து நான்கு, கருப்பை வாய்,
கதிர்வீச்சோடு ஆறு வாரம். உண்டு.
ஐனோ லாஹ்தி, எழுபத்தொன்று,
சிறுநீர்ப்பையில் தொடங்கி நுரையீரலுக்குப் போனது,
இரண்டே சுற்றில் பாதியாய்ச் சுருங்கியிருந்தது.
கை தூக்கச் சொன்னார்கள்.
தூக்கினேன், என் நோயாளிக்கு எதிராக, என் கையை.

மாற்று மருந்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஒரு மருத்துவர், பெயருக்குப் பதில் எண் சொன்னார்.
"முதல் மருந்து தோற்றால் தருவோம்."
தோற்கவில்லை, தீர்ந்துவிட்டது என்றேன்.
"தீர்ந்தது தோற்றதில் சேராது, டாக்டர்."
அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது.

மதியம், ஐனோ தொப்பியை மடியில் வைத்துக் கேட்டார்.
ஒத்திகை பார்த்த சொற்களை எல்லாம் வைத்த பிறகும்
அறையில் இடம் மீந்திருந்தது.
இருபத்தாறு வருடம் தாதுக் கப்பலில் சமையல்காரர்.
"நவம்பர் புயலில் மாட்டினால்
சூப்பில் தண்ணீர் ஊற்றுவேன்.
எல்லாருக்கும் தெரியும், எவனும் சொல்ல மாட்டான்.
உங்களால் ஊற்ற முடியாது, இல்லையா?"
முடியாது.
"யாருக்குப் போகுது?"
சொல்லக் கூடாது.
"சின்ன வயசா?"
நான் வாய் திறக்கவில்லை.
அவர் தலையாட்டினார்,
பிறகு தலையாட்டியதற்கே கோபம் வந்தவர்போல
"எனக்கும் இருக்கணும்னு இருக்கு,
தெரியுமா உனக்கு?" என்றார்.

இரவு பத்தே முக்கால்.
திறக்காத செய்திகள் அறுபத்து மூன்று.
மூடி வைத்த சோறு அடுப்பருகே ஆறிவிட்டது.
ஐனோவின் சிகிச்சையை நிறுத்தக்
கணினி காரணம் கேட்கிறது:
நோய் முற்றியது.
பக்கவிளைவு.
நோயாளி மறுத்தார்.
இறப்பு.
மற்றவை.
ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது.
மற்றவையைத் தொட்டால் ஒரு சின்னப் பெட்டி,
இருநூறு எழுத்துக்குள் விளக்குக.

பாலம் ஏறிவிட்டது என்று அடித்தேன்.
அழித்தேன்.

வெளியே ஏரியில் ஒரு கப்பல்
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு ஊதியது.
பாலம் அதே கணக்கில் திருப்பி ஊதியது.
பெட்டிக்குள் சுட்டுமுள்
இன்னும் துடித்துக்கொண்டிருக்கிறது.