முதல் வெள்ளி, மூன்று மணி

பீடித்தட்டைத் துணி போட்டு மூடிவிட்டுக் கிளம்புகிறேன்.
இன்றைக்கு இருநூறு பீடி குறையும்.
கூட்டம் என்றால்,
'எந்தக் கட்சி?' என்று கேட்கிறார் கடைக்காரர்.
பள்ளிக்கூடம் அண்ணாச்சி.
முக்கூடல் அரசுப் பள்ளி, ஆறாம் வகுப்பு அறை,
முட்டி நெஞ்சில் இடிக்கும் பெஞ்சு.

இருபத்துநாலு பேர் குழுவில்
பதினொரு பேர் வந்திருக்கிறோம்.
அதில் ஒருவர் தூங்குகிறார்.

நான் துணைத்தலைவி.
என் கெட்டிக்காரத்தனம் இல்லை,
இசக்கிப்பிரியாவைப் பெற்றதனால் கிடைத்தது.
முதல் வருஷம் முழுக்கக் கையெழுத்துதான் போட்டேன்:
ஆவுடைத்தங்கம், ஆவுடைத்தங்கம், ஆவுடைத்தங்கம்.
ஆளுக்கொரு தேநீர், ரெண்டு மேரி பிஸ்கட்.

சண்முகக்கனி சார் சிறப்பாசிரியர்,
பதினோரு பள்ளிக்கும் ஒரே பைக்.
செவ்வாயும் வியாழனும் நமக்கு;
பைக் மக்கர் பண்ணினால் வியாழன் மட்டும்.
அவர்தான் போன கூட்டத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:
"அக்கா, பிள்ளை சொல்லமாட்டேங்குது. நீங்க சொல்லுங்க."

சொன்னேன்.
காலையில் எழுந்தது முதல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை.
குடித்தால் கக்கூசுக்குப் போகவேண்டும்.
போகவேண்டுமென்றால் நாலு பையன்கள் தூக்கவேண்டும்.
பன்னிரண்டு வயசு.
தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள்.
சாய்தளம் இருக்கிறதே என்றார் ஒருவர்.
இருக்கிறது.
பையன்மார் சறுக்கு விளையாட,
மத்தியானம் ஆடு படுக்க.

மின்விசிறி மட்டும் சுற்றியது.

தூங்கிய ஆள் எழுந்தார்,
கொத்தனார் சிவனணைஞ்ச பெருமாள்.
"ஒரு அடி உசரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும்லா.
அது நாலடியில முடிஞ்சிருக்கு."
எந்தப் பய கட்டினானோ என்றார் பக்கத்தில் இருந்தவர்.
"நான்தான்.
காண்ட்ராக்டர் போதும்னாரு.
எனக்கும் அன்னைக்குச் சோலி முடிஞ்சாச் சரின்னு இருந்துச்சு."

என் பையிலிருந்த பீடி நூலைக் கேட்டு வாங்கினார்.
ரெண்டரை அடி வராந்தா, முப்பது அடி நூல்.
குழாயைத் தாண்டி, வாகை மரத்தைத் தாண்டிக்
கொடிக்கம்பத்தில் போய் முட்டியது.
"கம்பம் நகராதே" என்றார் ஹெப்சிபா டீச்சர்.
"பாதை வளையட்டும் டீச்சர்."

தீர்மானம் நாலு என்று எண் போட்டுச்
'சாய்தளம் சீரமைத்தல்' என்று டீச்சர் எழுதினார்.
இசக்கிப்பிரியா தண்ணீர் குடிப்பதற்கு என்று
எழுதுங்கள் என்றேன்.
"மேல போற தாள்ம்மா, அப்படி எழுதக்கூடாது."
கொஞ்சம் யோசித்தார். பிறகு
பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினார்,
அழித்தால் அழியும்படி.

மூன்று மாதம் தாள் போய்த் தாள் வந்தது.
மணல் தருகிறேன் என்றவர்
உபயக் கல்லில் பெயர் கேட்டார்.
தரையில் பதிக்கலாம், சக்கரம் ஏறும் பரவாயில்லையா என்றேன்.
பெயர் வேண்டாம் என்று மணலை மட்டும் அனுப்பினார்.
கூலி வாங்காமல் பெருமாள் ரெண்டு ஞாயிறு வேலை பார்த்தார்.
ஈரச்சாக்கு போட்டு மூடிய ராத்திரி
எந்த நாயோ நாலு கால்தடம் வைத்துவிட்டுப் போனது.
பூசிவிடலாம் என்றார். அவள் வேண்டாம் என்றாள்.

இன்றைக்கு அந்தத் தடத்தில் சக்கரம்
டொக்கு டொக்கென்று ஏறுவதைக் கேட்டேன்.
தள்ளக் கை நீட்டினேன்.
"சும்மா இரும்மா."
கொடிக்கம்பத்துப் பக்கம் நின்று மூச்சு வாங்கினாள்,
பாட்டிலைத் திறந்தாள்,
குடித்தாள்.
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கூட்டத்தில் அடுத்தது தாவூது.
காது கேளாத பிள்ளை.
மணி அடித்து எல்லோரும் போனபிறகும்
பந்தை வைத்துக்கொண்டு ஒற்றையாக நிற்கிறான் மைதானத்தில்.
அவன் அம்மா இப்போதுதான் முதல் தடவை வந்திருக்கிறாள்,
பிஸ்கட்டைத் தொடவில்லை.
மணியோடு சேர்ந்து எரிகிற மாதிரி
சிவப்பு பல்பு ஒன்று போடலாம் என்கிறார் சண்முகக்கனி சார்.

"கரண்ட் போனா?"
என்கிறாள் அந்த அம்மா,
யாரையும் பார்க்காமல்.

பெஞ்சில் எல்லோரும் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறோம்.
டீச்சர் பேனாவை மூடவில்லை.