நான்கு சதவீதம்

பீல் நகர மருத்துவமனையின் அடித்தளத்தில்
இருபத்திரண்டு வரியில் ஒரு நிரல் எழுதினேன்.
வித்தை ஏதுமில்லை.
ஒவ்வொரு சுவிட்சின் கதவையும் நூறு தடவை தட்டும்,
இருக்கிறாயா என்று.
வராத பதிலை எண்ணும்.

நாற்பத்தொரு கருவிகள் நூற்றுக்கு நூறு.
மூன்றாம் மாடி மட்டும்
இரவு இரண்டரைக்கு நான்கைத் தொலைக்கிறது.
மறுநாளும் இரண்டரை.
கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன்,
நிரலையே சந்தேகப்பட்டு
ஒரு கமாவை எடுத்து
அங்கேயே திரும்ப வைத்தேன்.

வியாழன் இரவு
ஆறிப்போன காப்பியோடு காத்திருந்தேன்.
இரண்டு இருபத்தொன்பது.
சுவருக்குள் லிஃப்ட் முனகியது;
திரையில் ஒரு வரி சிவந்தது.
மோட்டாரை உரசிக்கொண்டு போகிறது
எவனோ அவசரத்தில் இழுத்துவிட்ட கம்பி.

படியேறினேன்.
மொட்டைமாடியில் சலவைப் பிரிவு ஒடீல்,
கோட்டில்லாமல், பனியில்,
ஏரி இருக்கும் இருட்டைப் பார்த்தபடி
ஒரே ஒரு சிகரெட்.
படபடவென்று பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.
பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.
"மேலாளர்", "வேண்டாம்":
வந்து சேர்ந்தது போதும்.

கம்பியை நகர்த்தியாயிற்று. இழப்பு பூஜ்யம்.
அறிக்கையில் எல்லாம் இருக்கிறது,
நேரக் கட்டம் தவிர.
அது வழியில் எங்கோ
விழுந்துவிட்டது.