இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜக்கரியா பாயின் ஜெராக்ஸ் கடையில்
புதன்கிழமை சாயங்காலங்களில்
நாவல்கள் கைமாறும்.
வாடகை இல்லை, கெடு இல்லை.
ஒரே ஒரு சட்டம்:
முடிவைச் சொல்லக் கூடாது.

"முதல் நாப்பது பக்கம் பல்லைக் கடிச்சிக்கோ" என்று
பாய் கொடுத்த புத்தகத்தில்
நாற்பத்தோராம் பக்கமும் மழைதான் பெய்தது.
நான் கொடுத்த குடும்பக் கதை
மூன்றே நாளில் திரும்பி வந்தது.
"எல்லாருமே நல்லவங்களா இருக்காங்க,
யாரைத்தான் சந்தேகப்படுறது?"
அவருக்குப் பத்தாம் பக்கத்துக்குள்
ஒரு பிணம் விழுந்தாக வேண்டும்.

அஞ்சலாட்சி பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள்.
புத்தகமும் அப்படித்தான் கொடுப்பாள்,
முகத்தைப் பார்க்காமல்,
"லேசா வலிக்கும்" என்று.

அந்தப் புதனன்று அவள் கொண்டுவந்தது
அட்டை போன நாவல்.
கடலுக்குப் போன தம்பி, கரையில் அக்கா.
"இதை நான் முடிக்கலை.
இருநூத்திப் பன்னெண்டுல நிறுத்திட்டேன்.
படிச்சிட்டு நீ சொல்லு,
படகு வந்துச்சா?"

சட்டத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.
பாய் மெஷின் மூடியைத் தூக்கி
வெறும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
ராத்திரிக் கணக்கு எழுதுகிறவன் நான்.
பார் எண்ணி முடித்தால்
விடியும்வரை என் நேரம்.
அந்தப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது.
மடிப்புக்கு வெளியே ஓர் ஆண்பெயரின் பாதி.
பிரிக்கவில்லை.
மீதி நாற்பது பக்கம்தான்.
மூன்று மணிக்கு விசைப்படகுகள் கிளம்புகிற இரைச்சலில்
கடைசி வரியை
இரண்டு தரம் படித்தேன்.

"வந்துச்சு" என்றேன் அடுத்த புதன்.
"லேட்டுதான். ஆனா வந்துச்சு."
டீசல் தீர்ந்து, பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கி,
மாசத் தாடியோடு அவன் இறங்கியதை,
அக்கா திட்டிக்கொண்டே சோறு போட்டதை
நின்றபடி சொல்லிக்கொண்டே போனேன்,
இல்லாத ஓர் அத்தியாயத்தை.

"என்ன குழம்பு?"

"வஞ்சிரம்."

"அந்த வீட்டுல வஞ்சிரத்துக்கு ஏது காசு?"

"சரி, நெத்திலி."

தலையாட்டினாள்.
புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்து
ஜிப்பை இழுத்தாள்.
அடுத்து எனக்குத்தானே என்று கை நீட்டிய ஜக்கரியாவிடம்
"உங்களுக்குச் சரிப்படாது பாய்" என்றாள்.
"இதுல யாரும் சாகலை."