ஒரு கட்டை கீழே

மூன்றாம் தந்தி மறுபடி அறுந்தது,
இந்த மாதத்தில் நான்காவது.
ஒவ்வொரு முறையும் அதே வளைவில், அதே டங்.
மேல்மாடியில் யாரோ கோலி உருட்டுகிறார்கள்.
தெம்பனீஸில் இரவு பத்தரை.

பத்துத் தந்தி, மூன்று மிதி, முழங்காலுக்கு நான்கு நெம்பு,
பலகைக்கு அடியில் சைக்கிள் கடை மாதிரி கம்பிகள்.
வாங்கியபோதே மூன்று கட்டைச் சுருதி.
ஊர் உலகம் ஈ ஒன்பது என்று சொல்வது.
பதினாறு வருஷம் அதைத் தொடவில்லை,
வீட்டு எண்ணைத் தொடாதது போல.

ஃபோர்டி சீட்டின் பின்புறம் எழுதிப் பார்க்கிறேன்.
சி ஆறு?
அது ஸ்விங் வாசிப்பவர்களுக்கு,
எங்களிடம் அந்தச் சட்டை இல்லை.
பன்னிரண்டு தந்திப் பெட்டி?
அந்த இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறது.
சீட்டின் ஓரத்தில், பேனா மை திணறும் இடத்தில்:
எல்லாவற்றையும் ஒரு கட்டை இறக்கினால்?

காரணம் கேட்டால் மூன்றாம் தந்தி என்பேன்.
இழுவை குறையும், அறுகாது.
பொய்யில்லை.

ஜெரால்டினுக்கு மார்ச்சில் தைராய்டு அறுவை.
கழுத்தில் ஒரு கோடு, அதன்மேல் பச்சை ஸ்கார்ஃப்.
பேசலாம் என்றாராம் மருத்துவர்.
பாடலாமா என்று இவள் கேட்கவில்லை.
போன சனிக்கிழமை, ஊபியில் ஒத்திகை,
உச்சிக்குப் போகும் வரி வந்ததும்
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.
கூட்டம் என்றால் நாங்கள் மூன்று பேர்,
கதவோரம் ஒரு உணவு டெலிவரிப் பையன்.

ஞாயிறு முழுக்க இறக்கினேன்.
ஒன்று இறங்கினால் மற்றதெல்லாம் கொஞ்சம் ஏறிக்கொள்கிறது.
பத்தாவதை முடிக்கும்போது முதலாவது பொய் சொல்கிறது.
காற்றில் ஈரம் தொண்ணூறு,
ஏசியைப் போட்டால் அது வேறு கணக்கு.
தளர்ந்த கம்பிக்குச் சோம்பல் வந்துவிட்டது,
எஃகை வைத்தால் மெத்தையாய் அமுங்கியது.
பெனின்சுலா கடையில் தடித்த செட் ஒன்று கேட்டேன்.
ஏன் என்றான் கடைக்காரன்.
மூன்றாம் தந்தி என்றேன்.

மாட்டி முடித்து மிதித்தேன்.
இடது பாதம் சாய,
ப ஏறி த ஆனது, க ஏறி ம ஆனது,
ச மட்டும் நின்ற இடத்தில் நின்றது.
இதற்காகத்தான் அன்று இதை வாங்கினேன்:
பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நகர,
நகராத ஒன்று
எவ்வளவு மாறிப்போகிறது என்று கேட்பதற்கு.

வெய்ஜியிடம் மட்டும் சொன்னேன்.
பேஸில் இரண்டு கட்டம் கீழே போனால் போதும்.
கேன் லா, என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை, அது அவன் வழக்கமில்லை.

அடுத்த சனிக்கிழமை
என் கை பழைய கோட்டுக்கே போனது.
எட்டாம் கோடு எட்டாம் கோடுதான்.
பாட்டு மட்டும் தானாக இறங்கி வந்து
அவள் நிற்கும் படியில் நின்றது.
உச்சி வரி வந்தது.
மைக் அவளிடமே இருந்தது.

தே ஓ கோசோங்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்:
யார் இறக்கியது?
ஈரம், என்றேன்.
ஈரம் அளந்து பார்த்துச் சரியாக ஒரு கட்டை இறக்குமா?
சில நாள் இறக்கும்.

பாலித்தீன் பையை முடிச்சுப் போட்டு மாட்டினாள்.
அடுத்தது பழைய உயரத்தில், என்றாள்.
எஃகை இரண்டு கோடு மேலே தள்ளினேன்.
ஏறினாள்.
உச்சியில் குரல் ரெண்டாகப் பிளந்தது,
ஒரு பாதி இருமல்.
வெய்ஜி பிளக்கைச் சரிபார்ப்பது போல் குனிந்தான்.

அவள்தான் முதலில் சிரித்தாள்.
ஸ்கார்ஃபை அவிழ்த்து ஆம்ப்ளிஃபயர் மேல் போட்டாள்.
உன் பக்கம் எதுவும் அறுந்ததா? என்றாள்.

குனிந்து பார்த்தேன்.
மூன்றாம் தந்தி இருந்தது.