கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டுவிட்டார்கள்.
சனிக்கிழமை, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற வழி.
பின்னால் எமரன்சி,
வெயிலில் வளைந்துவிடுமென்று
முந்தானையால் மூடிய மெழுகுவர்த்திக் கட்டோடு.

முன்னால் ஒரு ஸ்கூட்டி.
ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினாள்.
ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி
இரண்டு கையையும் தூக்கி
அவிழ்ந்த கூந்தலை முறுக்கினாள்.

கூட்ஸ் வண்டி வந்தது.
பெட்டி எண்ண ஆரம்பித்தேன்.
ஒன்று. இரண்டு. கரி. கரி. எண்ணெய்.

கண் இடறினால் பிடுங்கிப் போடு என்று
உறுதிபூசுதல் வகுப்பில் கேட்டதிலிருந்து இதே கணக்கு.
பஸ்ஸில் டிக்கெட் நம்பரைக் கூட்டுவேன்.
கல்யாண வீட்டில் சீரியல் பல்பு.
காசிமேட்டில் படகுக்கு வெல்டிங் வைக்கிறவன்;
எந்த வெளிச்சத்துக்கு எந்தக் கண்ணாடி
என்று தெரியும்.
பெண்ணைப் பார்க்க மட்டும்
ஒருத்தரும் கண்ணாடி தரவில்லை.
மூடு என்றார்கள். மூடினேன்.
மூடிய இமைக்குள் அவர்கள்
துணி குறைவாக வந்தார்கள்.

பதினேழு. பதினெட்டு.

"ந்தா, அந்தப் பொண்ணு கழுத்தப் பாரேன்.
எம்மாம் அழகா கீது!"
தோளைத் தட்டினாள் எமரன்சி.

பார்த்தேன்.
கறுத்த பிடரி. வியர்வையில் பாதி கரைந்த பவுடர்.
ஹெல்மெட் பட்டை அழுத்திய கோடு.
முதுகெலும்பின் முதல் கணு,
யாரோ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப்
போதும் என்று கையெடுத்த மாதிரி.
முழங்கைக்கு மேல் பழைய எண்ணெய்ச் சூடு,
அதுவும் சேர்த்துத்தான்.

உள்ளே பழைய நாய் தலை தூக்கியது,
இல்லையென்றால் பொய்.
மோந்து பார்த்தது.
இதில் எலும்பில்லை என்று
மறுபடி படுத்துக்கொண்டது.

பிடுங்கிப் போடச் சொன்னவர்தான்
எச்சில் துப்பி மண் குழைத்து
பிறவிக் குருடன் கண்ணில் பூசினவர்.
குளத்தில் கழுவிவிட்டுத் திரும்பியவன்
தெருவில் முதலில் எதைப் பார்த்திருப்பான்?
குடத்தோடு போகிற யாரோ ஒருத்தியின் கையையா?

நல்ல வேலை, ஆண்டவரே, என்றேன்.
இன்னொருத்தன் போட்ட ஜாயின்ட்டை
வெல்டர் குனிந்து பார்த்து
தொடாமல் சொல்வானே, அப்படி.

கேட் தூக்கினார்கள். ஹாரன் மேல் ஹாரன்.
அவள் தண்டையார்ப்பேட்டைப் பக்கம் திரும்பிவிட்டாள்.
முகத்தை நான் பார்க்கவே இல்லை.

தண்டவாளத்தில் வண்டி குலுங்கும்போது
காதருகே எமரன்சி கேட்டாள்:
"இன்னிக்கு எத்தினி பொட்டி?"

இருபத்திரண்டு வருஷமாக
அவளுக்குத் தெரியும் என்பது
எனக்குத் தெரியாது.

"பதினெட்டோட வுட்டுட்டேன்."

மெழுகுவர்த்தி முதுகில் குத்தியது.